மருவுக்குக் கொடுத்த க்ரீமை தினமும் போட்டுவிட்டேன், தோல் உரிந்துவிட்டது. என்ன செய்வது?

தூக்கமில்லாதவன் | ஞாயிறு, இரவு 11:48

பெயர் தெரியாத இடம் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். யாரும் கிண்டல் பண்ண வேண்டாம்.

இரண்டு மாதத்துக்கு முன் ஆணுறுப்புத் தண்டில் நாலு சின்ன மரு வந்தது. தொட்டால் சொரசொரப்பு, வலி கிடையாது. தோல் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டார்: எச்.பி.வி. என்ற, உடலுறவில் பரவும் வைரஸால் வரும் மரு. இரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார், அதெல்லாம் சரியாகவே இருந்தது. இமிக்விமாட் 5 சதவீத க்ரீம் கொடுத்து, "வாரம் மூணு நாள், ராத்திரி படுக்கும்போது, காலையில் கழுவிடுங்க" என்றார்.

மூன்று வாரம் ஒழுங்காகத்தான் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. கொஞ்சம் அதிகம் போட்டால் சீக்கிரம் போய்விடும் என்று நினைத்துக் கடந்த ஆறு நாளாக தினமும் போட்டேன். அதுவும் கழுவாமல் மதியம் வரை விட்டுவிட்டேன். இப்போது மருவைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் செக்கச்செவேல். மேல்தோல் உரிந்து நீர் கசிகிறது, ஜட்டி ஒட்டிக்கொள்கிறது. நடந்தாலே எரிகிறது.

இன்று ராத்திரியும் போடணுமா? பாதியில் நிறுத்தினால் மரு திரும்பப் பெருகிவிடுமா? வீட்டில் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.

மாத்திரைப்பெட்டி | ஞாயிறு, இரவு 11:59

இன்று ராத்திரி போடாதீங்க. மொதல்ல அது.

நான் மருந்தாளுநர், பல வருஷமா இந்தக் க்ரீமை எடுத்துக் கொடுக்கிறவள். நீங்க சொல்ற புண் அந்த மருந்து வேலை செய்யறப்போ வர்றதுதான், ஆனா அளவு மீறிப் போயிருக்கு. மிச்சமா ஒட்டியிருக்கிற க்ரீமை வாசனை இல்லாத மென்மையான சோப்பும் தண்ணியும் வெச்சு மெதுவா கழுவுங்க. துண்டால தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. அப்புறம் காத்தோட்டமா விடுங்க. பருத்தித் துணி, தளர்வா. கட்டுப் போட்டு மூடக் கூடாது. மூடினா மருந்து இன்னும் உள்ளே இறங்கும்.

மூணு கேள்வி. சிறுநீர் தடையில்லாம போகுதா? காய்ச்சல், உடம்பு வலி, குளிர் உண்டா? முன்தோல் இருந்தா அது பின்னுக்குப் போயி திரும்ப வருதா, வீங்கிச் சிக்கிடுச்சா? இதுல ஏதாவது ஒண்ணு சரியில்லைன்னா விடியறவரைக்கும் காத்திருக்காம அவசர சிகிச்சைக்குப் போங்க. இல்லைன்னா காலையில உங்க டாக்டருக்கே ஃபோன் பண்ணி நடந்ததை அப்படியே சொல்லுங்க. "தினமும் போட்டேன்"னு சொல்ல வெட்கப்படாதீங்க, அவங்க வாரத்துக்கு நாலு பேர்கிட்ட இதைக் கேக்கறாங்க.

பாதியில நிறுத்தினா பெருகிடும்கிற பயம் வேண்டாம். சில நாள் ஓய்வு விடுறது இந்த மருந்துக்கான முறையிலேயே இருக்கு.

சும்மாஒருவன் | திங்கள், 12:20

சகோ, இதுக்கெல்லாம் ஏன் இவ்வளவு செலவு பண்றீங்க. கால் ஆணிக்கும் பாதத்து மருவுக்கும் போடற அந்தச் சொட்டு மருந்து இருக்குல்ல, பிரஷ் வெச்சுத் தடவறது. ஒரு வாரத்துல உதிர்ந்துடும். மருன்னா மருதானே.

வேர்த்தண்டு | திங்கள், 12:31

அய்யா, தயவுசெய்து அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள். கால் ஆணிக்குப் போடுவது சாலிசிலிக் அமிலம். பாதத்தின் தடித்த தோலைக் கரைக்கத்தான் அந்த வீரியத்தில் செய்கிறார்கள். பிறப்புறுப்புத் தோல் கண் இமையைப் போல மெல்லியது. அங்கே தடவினால் மரு இருக்கும், சுற்றியுள்ள தோல் போய்விடும். அந்த மருந்துப் பெட்டியிலேயே பிறப்புறுப்பில் போடக் கூடாது என்று அச்சடித்திருக்கிறார்கள்.

அதுவும் ஏற்கெனவே தோல் உரிந்தவருக்குச் சொல்கிறீர்கள்.

நெறியாளர் | திங்கள், 7:05

சும்மாஒருவன் பதிவை நீக்கவில்லை, பதிலோடு சேர்த்துப் படித்தால் மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கும் என்று விட்டிருக்கிறோம். யாரும் அதைச் செய்யாதீர்கள். இங்கே வரும் பதில்கள் டாக்டரைப் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

தூக்கமில்லாதவன் | திங்கள், 8:40

அக்கா, நன்றி. சிறுநீர் போகிறது, எரிச்சல் மட்டும். காய்ச்சல் இல்லை. ஆனால் போன வாரம் இரண்டு நாள் உடம்பெல்லாம் வலித்தது, ஃப்ளூ வரப்போகிறது என்று நினைத்தேன். முன்தோல் நன்றாகத்தான் நகர்கிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எரிச்சல் தாங்காமல் வீட்டு மருந்துப் பெட்டியில் கிடந்த அரிப்புக் களிம்பு ஒன்றை நேற்று காலை மேலே தடவினேன். அதில் ஸ்டீராய்டு இருப்பதை இப்போதுதான் சின்ன எழுத்தில் படித்தேன்.

டாக்டரிடம் பேசிவிட்டேன். ஒரு வாரம் எதுவும் போட வேண்டாம், வெள்ளிக்கிழமை வந்து காட்டு என்றார். திட்டவில்லை. சிரித்தார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாத்திரைப்பெட்டி | திங்கள், 1:15

அந்த உடம்பு வலி மருந்தால வந்திருக்க வாய்ப்பு அதிகம். இமிக்விமாட் வைரஸை நேரா கொல்றது இல்ல. தோல்ல இருக்கிற எதிர்ப்புச் செல்களைத் தட்டி எழுப்பி, இன்டர்ஃபெரான் மாதிரி பொருட்களைச் சுரக்க வைக்குது. ஃப்ளூ வந்தா உடம்பு வலிக்கிறதுக்கும் அதே பொருட்கள்தான் காரணம். அளவு கூடினா உடம்பு முழுக்கத் தெரியும்.

அதனாலதான் ஸ்டீராய்டு இங்க முட்டாள்தனம் (உங்களைச் சொல்லல, சேர்க்கையைச் சொல்றேன்). ஒரு மருந்து எதிர்ப்புச் சக்தியை "எழுந்திரு"ங்குது, இன்னொண்ணு "படு"ங்குது. டாக்டர் சொல்லாம அந்த இடத்துல ரெண்டாவது களிம்பு எதுவும் வேண்டாம்.

மூணு வாரத்துல ஒண்ணும் நடக்கலன்னு நினைச்சீங்களே, நானா இருந்தாலும் நினைச்சிருப்பேன். ஆனா இந்த மருந்துக்கு 16 வாரம் வரைக்கும் அவகாசம் உண்டு. ஆய்வுகள்ல முழுசா சரியானவங்கள்ல பாதிப் பேருக்குச் சரியாக ஆன காலமே பெண்களுக்கு 8 வாரம், ஆண்களுக்கு 12 வாரம். ஆண்களுக்கு அந்த இடத்துத் தோல் பெண்களை விடக் கொஞ்சம் தடிமன்கிறது காரணமா இருக்கலாம். மூணாவது வாரம்கிறது அடுப்பு பத்த வெச்சு அஞ்சு நிமிஷம் ஆன மாதிரி.

வேர்த்தண்டு | திங்கள், 9:52

இந்த இழையைப் பின்னால் தேடி வருகிறவர்களுக்காக ஒரு விஷயம். இதில்தான் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள்.

வீட்டில் நாமே போட்டுக்கொள்ளும் மருந்து இரண்டு வகை அடிக்கடி எழுதப்படுகிறது. இரண்டிலும் "மூன்று" என்ற எண் வரும், அங்கேதான் குழப்பம். இமிக்விமாட் 5 சதவீதம்: வாரத்தில் மூன்று இரவு, ஒன்றுவிட்டு ஒரு நாள் (திங்கள், புதன், வெள்ளி என்பது போல), 6 முதல் 10 மணி நேரம் விட்டுக் கழுவ வேண்டும். போடோஃபில்லோடாக்சின்: தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு இரண்டு வேளை. பிறகு நான்கு நாள் ஒன்றுமே போடக் கூடாது. அதோடு ஒரு சுற்று முடிந்தது. பொதுவாக நான்கு சுற்று வரை. அது கழுவுகிற மருந்து இல்லை, காயவிடுகிற மருந்து. நண்பர் ஒருவர் முதல் மருந்தின் கால அளவையும் இரண்டாவது மருந்தின் வேளையையும் கலந்து, பதினாறு வாரம் தினம் இருவேளை என்று புரிந்துவைத்திருந்தார். நல்லவேளை, இரண்டாவது நாளே கேட்டார்.

போடோஃபில்லோடாக்சின் வேறு ஜாதி. போடோஃபில்லம் என்ற செடியின் வேர்த்தண்டிலிருந்து வருவது (என் பெயருக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு, ஆமாம்). செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நூல் கட்டும் நுண்குழாய்களை அது கட்டவிடாது, செல் பிரிய முடியாமல் சாகும். மருவில் செல்கள் வேகமாகப் பிரிவதால் அங்கே அடி பலம். ஆனால் நல்ல தோலில் பட்டாலும் அதே வேலையைத்தான் செய்யும், அதற்கு மரு எது, தோல் எது என்று தெரியாது. அதனால்தான் ஒரு நாளில் 0.5 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது, மொத்தப் பரப்பு 10 சதுர சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்ற வரம்பு. தாண்டினால் உடம்புக்குள் உறிஞ்சப்படும். திரவத்தில் ஆல்கஹால் இருக்கிறது, போடும்போது பக்கத்தில் நெருப்பு, சிகரெட் வேண்டாம்.

இதே வேரின் பழைய கச்சாப் பிசின், போடோஃபிலின், 1942-லேயே இந்த மருவுக்குப் பயன்பட்டதாக மருத்துவ இதழ்களில் இருக்கிறது. அதை டாக்டர் கையால் மட்டும்தான் போடுவார்கள், சில மணி நேரத்தில் கழுவிவிடுவார்கள். பாட்டில் கிடைத்தது என்று வீட்டில் தடவக் கூடாத பொருள் அது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் சொல்கிறேன்.

நீலக்குயில் | செவ்வாய், 10:30

நான் பெண். இந்த மாதிரி இடத்தில் பெண்கள் எழுதுவதே குறைவு, அதனால் தயங்கித்தான் எழுதுகிறேன். வெளிப்பக்கம் இரண்டு மரு. போடோஃபில்லோடாக்சின் எழுதினார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை. நாங்கள் குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறோம், நாள் தள்ளிப்போயிருக்கிறது, இன்னும் பரிசோதிக்கவில்லை. இதைப் போடலாமா? டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாத்திரைப்பெட்டி | செவ்வாய், 10:41

ஆரம்பிக்காதது ரொம்ப நல்லது தோழி. மொதல்ல கர்ப்பப் பரிசோதனை. கர்ப்பத்துல போடோஃபில்லோடாக்சின், போடோஃபிலின், பச்சைத் தேயிலைச் சத்துல செய்யற சினிகேடகின்ஸ் களிம்பு, இதெதுவும் கூடாது. முயற்சி செய்யறதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, வேற வழி சொல்லுவாங்க. திரவ நைட்ரஜன் வெச்சு உறைய வைக்கிறது, டாக்டரே போடற ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலம் மாதிரி.

ரெண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லிடறேன், இல்லன்னா ராத்திரியெல்லாம் தேடிப் பயப்படுவீங்க. கர்ப்பத்துல மரு திடீர்னு பெருசாகலாம், பிரசவத்துக்கு அப்புறம் தானே சுருங்குறதும் உண்டு. அப்புறம், மரு இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக சிசேரியன் பண்றது இல்ல, வழியை அடைக்கிற அளவு பெருசா இருந்தாதான் யோசிப்பாங்க.

கர்ப்பமில்லாத பெண்களுக்கும் ஒரு குறிப்பு: இந்தக் க்ரீம்கள் வெளித்தோலுக்கு மட்டும். யோனிக்குள்ளேயோ, கர்ப்பப்பை வாயிலேயோ, ஆசனவாய்க்குள்ளேயோ போடக் கூடாது. உள்ளே இருக்கிற மருவுக்கு டாக்டர்தான். சிறுநீர் வழிக்குப் பக்கத்துல இருந்தாலும் அப்படித்தான், க்ரீம் பட்டு வீங்கினா வழி அடைச்சுக்கலாம்.

நீலக்குயில் | செவ்வாய், 4:18

பரிசோதித்தேன். இரண்டு கோடு.

பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். நாளைக்கு டாக்டர். நன்றி அக்கா, இந்த இழை இல்லை என்றால் இன்று ராத்திரி ஆரம்பித்திருப்பேன்.

பதினாறுவாரம் | செவ்வாய், 9:07

வாழ்த்துகள் நீலக்குயில்!

தூக்கமில்லாதவன், நான் இமிக்விமாட் முழுசாகப் போட்டு முடித்தவன். டாக்டர் சொன்ன "வாரம் மூணு" எனக்கும் முதலில் சாதாரணமாகத்தான் பட்டது. போடும் முறைதான் எல்லாம் என்று பிறகு புரிந்தது. என் வழக்கத்தைச் சொல்கிறேன்.

குளித்து, அந்த இடத்தை நன்றாகக் காயவிட்டு, பத்து நிமிஷம் கழித்துத்தான் தொடுவேன். பாக்கெட்டை முழுசாகக் கிழிக்காமல் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை போடுவேன். கிழித்தால் தேவைக்கு மேல் வந்துவிடும், வந்ததை வீணாக்க மனசில்லாமல் பூசிவிடுவோம். ஒரு பாக்கெட்டே கைக்குட்டை மடிப்பளவு தோலுக்குப் போதும் என்கிறார்கள், நாலு மருவுக்கு அதில் கால்வாசிகூட வேண்டாம். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காமல் தூக்கிப் போட வேண்டும், அதுதான் கை வராத காரியம். விரல் நுனியில் ஒரு கடுகளவு, மருவின் மேல் மட்டும், வெள்ளை மறையும்வரை தேய்க்க வேண்டும். பூசினபிறகு வெள்ளைப்பூச்சு தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம். போடும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், கண்ணைக் கசக்குகிற பழக்கம் எனக்கு.

சுவரில் நாள்காட்டி தொங்கும் இடத்தில் நான் சின்ன வட்டம் போடுவேன். போட்ட நாளுக்கு வட்டம். ஒரு நாள் மறந்தால் அடுத்த நாள் இரண்டு மடங்கு கிடையாது, அந்த முறை போச்சு அவ்வளவுதான். வீட்டில் எதற்கு வட்டம் என்று கேட்டார்கள், செடிக்கு உரம் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் தோல் கொஞ்சம் சிவப்பது, அரிப்பது, லேசாகச் செதில் உதிர்வது நல்லதற்கே. திறந்த புண், கசிவு, தூக்கம் கெடும் வலி வந்தால் ஓய்வு. ஆறியபிறகு டாக்டர் சொன்னால் மறுபடி தொடரலாம். எனக்கு ஆறாவது வாரம் ஐந்து நாள் விட்டேன். ஒன்பதாவது வாரம் ஒன்று காணாமல் போனது. எப்போது போனது என்றே தெரியவில்லை. ஆறிய இடத்தில் நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, சிலருக்கு அது நிலைக்கும் என்றார்கள்.

சும்மாஒருவன் | புதன், 9:15

மேலே நான் எழுதினதுக்கு மன்னிக்கணும். உண்மையில தெரியாது. ஒரு கேள்வி: இவ்வளவு நாள் இழுக்கறதுக்கு லேசரோ, கரண்ட் வெச்சு எரிச்சோ ஒரே நாள்ல முடிச்சுடலாமே?

வேர்த்தண்டு | புதன், 10:02

முடிக்கலாம். நிறைய மரு, பெரிய மரு என்றால் அதுவே நல்லது, பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எந்த முறையிலும் மரு போகுமே தவிர, தோலுக்குள் இருக்கும் வைரஸ் உடனே போய்விடாது. அதனால் எதைச் செய்தாலும் முதல் சில மாதங்களில் திரும்ப வர வாய்ப்பு உண்டு. வருவதைப் பார்த்து "மருந்து பொய்" என்று கோபப்படுகிறவர்கள் நிறைய. உடம்பின் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலானோரில் காலப்போக்கில் அதை அடக்கிவிடுகிறது. ஒன்றும் செய்யாமல் விட்டாலே சிலருக்குப் போய்விடுகிறது, சிலருக்கு அப்படியே நிற்கிறது, சிலருக்குப் பெருகுகிறது.

மருந்து போடுவதற்கு முன், மரு மருதானா என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். ஆணுறுப்பின் முன்முனையைச் சுற்றி வரிசையாக வரும் சின்ன முத்துப் பருக்கள் இயல்பானவை, அதற்கெல்லாம் மருந்து பூசி அழித்தவர்கள் உண்டு. சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் இரண்டாம் கட்டத்திலும் மரு போலத் தட்டையான ஈரமான மேடுகள் வரும். அதற்குக் க்ரீம் பூசினால் நோய் உள்ளே நிம்மதியாக வளரும். இவருக்கு டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தது நல்லது. கறுத்த, இறுகிய, தானே இரத்தம் கசிகிற, புண்ணான மரு என்றால் சதை எடுத்துச் சோதிக்காமல் மருந்து கூடாது.

தூக்கமில்லாதவன் | புதன், 11:40 இரவு

புண் ஆறுகிறது. நடக்கையில் எரிச்சல் போய்விட்டது.

மனைவி விஷயம்தான் தூங்கவிடவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். இத்தனை நாள் இல்லாதது இப்போது வந்தால் அவள் என்ன நினைப்பாள்? எனக்கே சந்தேகம் வருகிறது, அவள் மேல். எழுதவே கேவலமாக இருக்கிறது.

மாத்திரைப்பெட்டி | வியாழன், 7:30

கேவலம் இல்ல. எல்லாருக்கும் வர்ற நினைப்பு.

வைரஸ் நுழைஞ்ச நாளுக்கும் மரு தெரியற நாளுக்கும் நடுவுல சில வாரமும் ஆகலாம், பல மாசமும் ஆகலாம், அதுக்கும் மேல பல காலம் ஒண்ணும் காட்டாம கிடக்கலாம். உங்களுக்கே கல்யாணத்துக்கு முன்ன வந்ததா, அவங்களுக்கா, எப்பன்னு யாராலயும் சொல்ல முடியாது. மருவை வெச்சு யாரோட நடத்தையையும் கணக்குப் போட முடியாது. நான் இதைப் பல ஜோடிகளுக்குச் சொல்லியிருக்கேன், மொதல்ல நம்பறது இல்ல.

90 சதவீத மருவுக்குக் காரணம் 6, 11 எண்ணுள்ள எச்.பி.வி. வகைகள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோட சம்பந்தப்பட்டது 16, 18 மாதிரி வேற வகைகள். அந்தத் தொடர்பைக் காட்டினதுக்குத்தான் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-ல நோபல் கொடுத்தாங்க. அதனால "எனக்கு மரு, அவளுக்குப் புற்றுநோய்"னு தாவாதீங்க. அவங்க வயசுக்கு எப்ப அந்தப் புற்றுநோய்க்கான ஸ்கிரீனிங் (முன்கூட்டிப் பார்க்கிற பரிசோதனை) பண்ணணுமோ அப்ப பண்ணினா போதும், உங்க மருவுக்காகத் தனியா அடிக்கடி பண்ண வேண்டியது இல்ல. அவங்களும் ஒரு தடவை தோல் டாக்டர்கிட்டயோ மகளிர் டாக்டர்கிட்டயோ காட்டட்டும்.

சொல்லியே ஆகணும்கிறதுக்கு வேற காரணமும் இருக்கு: க்ரீம் தோல்ல இருக்கறப்ப உறவு கூடாது, அவங்க தோலும் எரியும். அதோட இமிக்விமாட் க்ரீம் ஆணுறையோட ரப்பரை பலவீனமாக்கும், கிழியும். ஆணுறை போட்டாலும் அது மூடாத இடத்துல தோலோட தோல் படறதால ஆபத்து குறையுமே ஒழிய முழுசா போகாது. புண்ணு ஆறற வரைக்கும் விலகியே இருங்க. அந்த இடத்தை ஷேவ் பண்ணாதீங்க, பிளேடு மருவை வரிசையா நட்டு வெச்சுட்டுப் போகும்.

எச்.பி.வி. தடுப்பூசி, ஏற்கெனவே இருக்கிற மருவைப் போக்காது. ஆனா போட்டுக்காதவங்களுக்கு மத்த வகைகள் வராம தடுக்கும், அதை டாக்டர்கிட்ட கேளுங்க.

தூக்கமில்லாதவன் | சனி, 6:22

சொன்னேன்.

அழுதாள். பிறகு என் மொபைலில் இந்த இழையைப் படித்தாள், சும்மாஒருவன் பதிவைப் பார்த்துச் சிரித்தாள். அவளும் காட்டப் போகிறாள்.

டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டுப் பத்து நாள் விட்டு மீண்டும் ஆரம்பிக்கச் சொன்னார். ஞாயிறு, செவ்வாய், வியாழன். சுற்றியுள்ள நல்ல தோலில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொண்டு மருவில் மட்டும் போடச் சொன்னார்.

பதினாறுவாரம் | சனி, 8:10

அந்த வாசலின் யோசனை எனக்கு ஒன்பது வாரம் தாமதமாகத் தெரிந்தது. பொறாமையாக இருக்கிறது.

தூக்கமில்லாதவன் | 11 வாரம் கழித்து, வெள்ளி, 9:55

மூன்று போய்விட்டது. ஒன்று மட்டும் தட்டையாகிப் புள்ளியாக நிற்கிறது. டாக்டர் அடுத்த வாரம் அதை உறைய வைத்துவிடலாம் என்கிறார். மனைவிக்கு ஒன்றும் இல்லை. நீலக்குயில் எப்படி இருக்கிறீர்கள்?

பெட்டியில் ஏழு பாக்கெட் மிச்சம். தம்பிக்கு உள்ளங்காலில் மரு, கேட்கிறான். கொடுக்கலாமா?

மாத்திரைப்பெட்டி | வெள்ளி, 10:01

கூடாது.

சும்மாஒருவன் | வெள்ளி, 10:03

தம்பிக்குத்தான் நான் சொன்ன சொட்டு மருந்து. இப்பவாவது சரியா சொன்னேனா?

வேர்த்தண்டு | வெள்ளி, 10:10

இப்போது சரி. சர்க்கரை நோய் இல்லை என்றால்.